தனி ஆவர்த்தனத்தில் நிறுத்திய டேப்

ஆவூர் தைரியநாதனுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அதற்கு ஆதாரமும் வீட்டிலேயே இருக்கிறது. முப்பது வருஷம் மைக் செட் தொழில் செய்தவர். கோயில் திருவிழா, செட்டிநாட்டுக் கல்யாணம் என்று எங்கே கச்சேரி நடந்தாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்துத் தன் டேப் ரெக்கார்டரில் சொருகிவிடுவார். அப்படிச் சேர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு கச்சேரி. இப்போது தொழிலை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்றிக் காலையும் மாலையும் கேட்பதுதான் வேலை. ஒரு நாள்கூடப் பாட்டு கற்றுக்கொண்டதில்லை. ஆனால் பாடகர் வாயைத் திறந்த நாலாவது நொடியில் ராகத்தைச் சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

மனைவி ஞானசெல்விக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. சேலை வைக்க இடமில்லாமல் பீரோவில் கேசட்டை அடுக்கியிருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்கும்? ஆனால் பாடகர்களின் பிள்ளைகள் மெட்ராசிலிருந்து ஃபோன் போட்டு, "அப்பா பாடின அந்தக் கச்சேரி உங்ககிட்ட இருக்காமே?" என்று கேட்கும்போது அவளும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். தைரியநாதன் பென்டிரைவில் ஏற்றி அனுப்புவார்; காசு வாங்கமாட்டார். பாராட்டை மட்டும் வாங்கிக்கொள்வார், கொஞ்சம் கூடுதலாகவே.

போன ஆடியில் திருமயத்திலிருந்து சேவுகன் வந்தார். கஞ்சிரா வித்வான், எழுபத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இரண்டு பஸ் மாறி, வீட்டை விசாரித்து வந்து சேர்ந்தவர், தண்ணீர் குடித்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தொண்ணூத்தி ஒண்ணுல ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. நீங்கதான் மைக் செட்டு. அன்னைக்கு மாதிரி எனக்குத் தனி ஆவர்த்தனம் என்னைக்கும் அமையல. பாட்டு, பிடிலு எல்லாம் நிறுத்திக்கிட்டாங்க. நானும் மிருதங்கமும் மட்டும் இருவது நிமிஷம் வாசிச்சோம். இப்பக் கைதான் போச்சு, காது இருக்குல்ல. ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுட்டாப் போதும் தம்பி."

"இருக்குண்ணே! நூத்தி நாப்பத்தேழாம் நம்பர் கேசட். உக்காருங்க" என்றார் தைரியநாதன், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னாலேயே.

பெரியவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்தது. தனிக்குச் சற்று முன்னாலிருந்து ஓடவிட்டு, "கரகரப்ரியா" என்று யாரும் கேட்காமலேயே அறிவித்தார். சேவுகன் இடது கையால் தொடையில் தாளம் போட்டபடி முன்னால் குனிந்தார். பாடகர் பாட்டை நிறுத்தி இடம் விட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். உடனே கைதட்டல். அடுத்த நொடி பாடகர் மறுபடி பாடிக்கொண்டிருந்தார்.

"என்ன, விட்டுப் போச்சே? திருப்பி வைங்க."

திருப்பி வைத்தார். அதே டக்.

தைரியநாதனுக்குக் காது சூடாகிவிட்டது. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். கச்சேரியை இரண்டு கேசட்டுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக, தனி ஆரம்பித்ததும் பட்டனை அமுக்கி டேப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்; அது முடிகிற நேரத்துக்கு வந்து மறுபடி ஓடவிடுவார். கூட்டத்தில் பாதியும் அப்போதுதான் எழுந்து போகும். தாள வாத்தியத்துக்குப் பெயர் வாங்கிய புதுக்கோட்டைச் சீமையில் பிறந்துவிட்டு இப்படிச் செய்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டும் அந்த டக் சத்தம் அவருக்கு உறைக்கவில்லை, அதுவும் நாலு நொடியில் ராகம் சொல்கிற காதுக்கு.

டேப் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தாண்ணே நிறுத்துனேன். கேசட்டை மிச்சம் பிடிக்க. இது மட்டும் இல்ல, எங்கிட்ட இருக்க நானூத்திப் பன்னெண்டுலயும் தனி கிடையாது."

சேவுகன் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் வாசிப்புன்னு எங்கிட்டுமே இல்லையா?" என்றார்.

வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது தைரியநாதனுக்கு வராத வேலை. விறுவிறுவென்று எழுந்து பரணிலிருந்து மைக்கை இறக்கினார். ஃபேனை நிறுத்தினார். சன்னலைச் சாத்தினார்.

"கைதானண்ணே போச்சு, வாய் இருக்குல்ல? அன்னைக்கு வாசிச்சதை அப்படியே ஜதியாச் சொல்லுங்க. தாளம் நான் போடுறேன்."

மாட்டேன் என்றுதான் சேவுகன் முதலில் சொன்னார். பிறகு மைக்கைப் பார்த்தார். "தா… தீ… தக திமி" என்று மெதுவாகத் தொடங்கினார். வாதத்தில் இழுத்த வாய் சில சொற்களில் குழறியது. ஐந்தாவது நிமிஷத்தில் சூடு பிடித்துவிட்டது. தைரியநாதன் தொடை சிவக்கத் தாளம் போட்டார். கணக்கு எங்கே போகிறது என்று பாதி விளங்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தனியை உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறவருக்கு வேறு எப்படி இருக்கும்? இரண்டு இடத்தில் தாளத்தைக் கோட்டைவிட்டார். சேவுகன் கண்ணாலேயே எடுத்துக் கொடுத்தார். கடைசிக் கோர்வையை மூன்று தடவை சொல்லி அவர் சரியான இடத்தில் வந்து இறங்கியபோது, அடுப்படியிலிருந்து ஞானசெல்வி கைதட்டினாள்.

பதிந்ததைப் போட்டார்கள். சேவுகன் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்கு இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார். "நீங்கதான் கேக்கல."

"கேக்கலைண்ணே" என்றார் தைரியநாதன். மைக்கை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இன்னொரு தடவை சொல்லுங்க. இங்கிட்டேதான் உக்காந்திருக்கேன்."