ரோலர் ஏறாத கல்

துறைமுகப் பட்டினத்திலிருந்து கந்தளாய்க்குப் போகிற றோட்டில் கல் உடைத்தே பூரணத்துக்கு வயது போய்விட்டது. யுத்தம் வந்த பிறகு உடம்பு நோவென்று ஒருநாள் படுக்கவும் ஏலாது. பட்டாள லொறிகள் ஓடி ஓடிக் கிழித்த றோட்டுக்கு எவ்வளவு உடைத்தாலும் போதவில்லை. "கெதியா உடையுங்கோ" என்று ஓவசியர் குரைத்துக்கொண்டே நிற்பார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில், உடைத்த கல்லைப் பரப்பிவிட்டு ரோலருக்குப் பார்த்திருந்த நேரத்தில், ஒரு காலை துறைமுகத்தில் குண்டு விழுந்தது. முதல் ஆளாக ஓடினது ஓவசியர்தான். பிறகு பட்டினமே மூட்டை முடிச்சோடு அந்த றோட்டில் வந்தது. இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. ரோலர் ஏறாத கல் கத்திபோலக் குத்தியது. பூரணமும் வெறுங்காலோடு அந்தச் சனத்தோடு நடந்தாள்.

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, பாதம் கிழிந்து இரத்தம் வடிய, பூரணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த அறுவான் அக்கா இந்தக் கல்லைப் போட்டவன்? அவன்ர கை அழுகிப்போக!"

பூரணத்துக்குக் கோபப்படவும் சீவனில்லை. அந்தக் கையாலேயே குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நட பிள்ளை," என்றாள். "இன்னும் கனதூரத்துக்கு இந்தக் கல்லுத்தான்."