இரண்டும் ஒரே நேரத்தில் ஐஸுக்குள்

செய்தி வந்தபோது நான் திருத்தணியில் சென்னை ரயிலில் ஏறி, எங்கள் ஆய்வக டெக்னீஷியன் எஸ்தருக்காக ஜன்னலோர இருக்கையில் பையை வைத்திருந்தேன். அவர் தம்பி போனில் பேசினார். "அக்கா இனிமே வராதுங்க. நெஞ்சு வலின்னுச்சு, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் ஊரான கே.ஜி.கண்டிகைக்கு ஆட்டோ பிடித்தேன்.

அவரோடு ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ., வேலை முடிந்ததும் சிதைந்துவிட வேண்டும். கல்லீரல் புற்றுநோயில் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிதையவிடாமல் காக்கிறது என்பது என் கணிப்பு. புற்றுக்கட்டியில் அந்தப் பிடிப்பு பலமாகத் தெரிந்தது. அதே நோயாளியின் நல்ல கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. எதையும் எளிதில் நம்பாத நான் இதை நம்பிவிட்டேன். என் பதவி உயர்வும் இதைப் பற்றிய கட்டுரையில்தான் இருந்தது.

கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, திசு மாதிரி எடுத்துவருபவர் விடுப்பில் போனதால், எஸ்தரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். திரும்பி வந்து உட்காரக்கூட இல்லை.

"மேடம், கட்டித் துண்ட உடனே ஐஸ்ல போட்டுட்றாங்க. நல்ல கல்லீரல் துண்டு தட்டுலயே காத்துகினு கெடக்குது. அதுல ஆர்.என்.ஏ. எப்படிங்க மிஞ்சும்? நீங்க புரதத்த அளக்கல, காத்துகினு இருந்த நேரத்த அளந்துட்டீங்க."

"இத்தனை வருஷம் வராத சந்தேகம் இப்பத்தான் வந்துச்சா?" என்றேன்.

"இத்தினி வருஷம் நான் அந்த வாசல்ல நின்னதில்லீங்களே."

முதலில் அனுப்பிவிடலாம், பிறகு பார்க்கலாம் என்றேன். "ஆங், அனுப்புங்க. என் பேர எடுத்துட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

நான் அனுப்பவில்லை. அடுத்த ஒரு வருடம் எஸ்தர் இரண்டு ஐஸ் பெட்டிகளோடு தியேட்டர் வாசலில் நின்றார். "ரெண்டையும் ஒண்ணா குடுங்க சார், இல்லன்னா ரெண்டுமே வேணாம்" என்று அறுவை மருத்துவரிடமே சொல்லியிருக்கிறார். புதிய மாதிரிகளில் வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. ஆனால் மறையவில்லை. கட்டிக்குள் அந்தப் புரதம் உண்மையாகவே கூடுதலாகப் பிடித்திருந்தது. முடிவு வந்த அன்று ரயிலில் எஸ்தர் சிரித்தார்: "சின்னதுதான் மேடம். ஆனா நெசம்."

அந்தச் சிறிய உண்மையைத்தான் வெளியிட்டோம். பதவி உயர்வு தள்ளிப்போனது. நான் எழுதியவற்றில் யார் முன்னாலும் தயங்காமல் எடுத்து வைக்கக்கூடியது அது ஒன்றே.

மாதிரிக் குறிப்பேட்டில் 'வெட்டிய நேரம்', 'ஐஸில் வைத்த நேரம்' என்று எஸ்தர் பென்சிலால் கோடிட்ட இரண்டு பத்திகள் இருக்கின்றன. அந்த நோட்டு இப்போது என்னிடம். நேற்று தியேட்டர் வாசலில் நான் நின்றேன். நல்ல துண்டைப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம் என்றேன்.