இருபத்தோரு பெருக்கல் குறிகள்

மனைவி தவறிப்போனதிலிருந்து டைல்ஸ்காரருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவார், எழுந்தபின் எதற்கு எழுந்தோம் என்று நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் போன போக்கில் நடந்தபோதுதான், இறந்துபோன பல் டாக்டரின் வீட்டுக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தார். வட்ட விளக்குகள் வைத்த பழங்காலத்து வண்டி. டயர்கள் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

வீட்டைக் காலி செய்ய வந்திருந்த டாக்டரின் மகள், "புதன்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். வேணும்னா அதுக்குள்ள சொல்லுங்க, இரும்பு விலைக்கே தர்றேன்" என்றாள்.

அக்காவிடம் சொன்னார்.

"ஓட்டத் தெரியாதவனுக்குக் கார் எதுக்குடா?"

"ஓட்டறதுக்கு இல்லக்கா."

"பின்ன, பூனைக்கா?"

"சாயங்காலமானா கை சும்மா இருக்க மாட்டேங்குது."



செவ்வாய் மாலை நாணயமும் சாக்பீஸுமாகப் போனார். ஒட்டிய டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கெட்டியாகச் சத்தம் வந்தால் பிடித்துவிட்டது. உள்ளே காலியாக ஒலித்தால் பெருக்கல் குறி போட்டுப் பெயர்த்துவிடுவார். முப்பது வருஷத்துக் காது அது. காரையும் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். கூரை டங். கதவு டங். எங்கே தொட்டாலும் காலி. இருபத்தோரு குறிகள் விழுந்தன. நாலே நாலு இடம்தான் கெட்டி.

வண்டி சல்லடை. வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டுக்கு. கால்தான் எழவில்லை. கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, சிரித்துச் சிரித்து இருமினார்.

"என்னண்ணே, நல்ல இடத்துக்கெல்லாம் தப்புப் போட்டு வச்சிருக்கீங்க?"

"உள்ள காலியா இருக்கேப்பா."

"காருன்னா உள்ள காலியாத்தாண்ணே இருக்கும்! தகரம்னா மணி மாதிரி கத்தணும். கத்தாம கம்முனு இருக்கே நாலு இடம், அங்கதான் துருவை மறைச்சுப் பட்டி பூசியிருக்கான்."

"அப்ப நாலு இடம்தானா?"

"உடம்புல நாலுதான். இன்ஜினைத் திறந்தா என்னென்ன கிளம்புமோ. தினம் சாயங்காலம் உக்காந்தாலும் ஒரு வருஷம் உசுரை வாங்கிடும்."

"ஒரு வருஷமா?"

"ரெண்டுகூட ஆகும். யோசிச்சுக்குங்க."

அதற்குள் டைல்ஸ்காரர் வாசல்வரை போய்விட்டார். "அம்மா, இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க!"

திரும்பி வந்து துண்டை நனைத்து இருபத்தோரு குறிகளையும் அழித்தார். கெட்டியான நாலு இடத்திலும் பெரிதாகப் போட்டார். அப்படியும் கை நிற்கவில்லை. கூரையை இன்னொரு முறை தட்டினார்.

டங்.

தாய்ப்பூனை தலையைத் தூக்கி முறைத்தது. மறுபடியும் தட்டினார்.