முதுகு காட்டி நின்றவர்கள்

ஈப்போவில் மகளின் கேரம் போட்டிக்கு வந்த இடத்தில், பலகையில் தூவிய பவுடரின் வாசனை, சிலிம் ரிவர் பக்கம் இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு என்னை இழுத்துப் போனது. ரப்பர் பால் வெட்டிய கையின் நாற்றம் போகாமலே அப்பாவும் மற்றவர்களும் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் பொழுது சாயும்வரை கேரம் ஆடுவார்கள். காய்கள் மோதும் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கும். கடைசிக் காய் மிஞ்சியதும் யாராவது, "திரும்புங்க லா, அண்ணனுக்குக் கை நடுங்குது" என்பார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் அத்தனை பேரும் ரப்பர் மரங்களைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள், காய் குழியில் விழும்வரை.

இப்போது மகளுக்கும் கடைசிக் காய். அடித்தால் ஜெயிப்பாள். ஆனால் அவள் விரல் தயங்கி நின்றது. நான் பார்ப்பதால்தானோ? வராமலே இருந்திருக்கலாமோ? இந்த யோசனைகளே அலுத்துப்போய், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை.

"அம்மா, அங்க என்ன பாக்கிறீங்க? இங்க பாருங்க லா. அப்பத்தான் அடிப்பேன்."

திரும்பினேன். அவள் விரல் நிதானமாக இருந்தது. நடுங்கியது என் கைதான்.