நாலு பக்கமும் கடல்

இன்று பழைய புத்தகக் கடையில் ஒரு தீவுப் பயண நூலைத் திறந்ததும் எழுந்த ஈரத்தாள் வாசனை, கூடப்பிறந்த நானா தன் பெயரில் நூலகத்திலிருந்து எடுத்துத்தந்த புத்தகங்களிடம் என்னை இழுத்துப்போனது. பெரியபிள்ளையான பிறகு எனக்குக் கடற்கரை இல்லை. அலைச்சத்தம் கேட்கும் ஜன்னலடியில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த படங்களைப் புரட்டிப் புரட்டி இருப்புக்கொள்ளாமல் கிடப்பேன்.

“கடக்கரைக்கே போகாத புள்ளைக்கித் தீவு என்னத்துக்கு?” என்பார் உம்மா.

போகவிடாத அந்தக் கடல் சுனாமியாய் ஒரு காலையில் வீட்டுக்கே வந்தது. நானா என் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். ஜன்னலும் தெருவும் மிஞ்சவில்லை.

தீவுகளுக்குப் போகும் வழியை அடைத்திருந்த யுத்தமும் முடிந்தது. “இப்ப தீவு பாக்கப் போவமா, தங்கச்சி?” என்று நானா போன கிழமை கேட்டார். ஓம் என்றேன்.

ஆனால் இன்று கடையில் திறந்த நூலின் தீவுப் படத்தில் நான் கடலைப் பார்க்கவில்லை. ஓடி ஏற மேடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.