அசையாத ஜர்னல்களை நிறுத்தப் போன ஆண்டு

1. கமிட்டி கூடியது

அருப்புக்கோட்டையில் நான் பணியாற்றிய கல்லூரி நூலகத்தில் ஜர்னல் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஆய்விதழ் என்று எழுதுவதே முறை. ஆயினும் முதல்வர் முதல் தபால்காரர் வரை அனைவரும் ஜர்னல் என்றே அழைத்தமையால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

சந்தா புதுப்பிக்கும் பருவத்தில் நூலகக் கமிட்டி கூடுவது வழக்கம். அவ்வாண்டு கல்லூரிச் செகரட்டரியே நேரில் வந்து அமர்ந்தார். அவர் பஜாரில் பெரிய ஜவுளிக்கடை நடத்துபவர்.

"நம்ம கடையில அசையாத சரக்கை ஆடித் தள்ளுபடியில தள்ளிருவோம். இங்க அதுக்கும் வழியில்ல. எது அசையலையோ அதை நிறுத்திருங்க" என்றார்.

எது அசைகிறது என்று அறிவது எவ்வாறு? இயற்பியல் பேராசிரியர் வழி சொன்னார். வாசிப்போர் ஜர்னலை மேசையிலேயே விட்டுச் செல்வர். மாலையில் அவற்றை எடுத்து ரேக்கில் அடுக்கும்போது, ஒவ்வொன்றின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். கோடு விழாதது அசையாதது. பெரிய நூலகங்களிலும் இம்முறை உண்டு என்றார்.

2. கோடுகள்

ஒரு பருவம் முழுவதும் கோடு போட்டேன். வெளிநாட்டு வணிகவியல் ஜர்னல் ஒன்று பிற அனைத்தையும் விஞ்சி நின்றது. காரணத்தை நான் கண்ணாரக் கண்டேன். அகலமான, வழவழப்பான, கெட்டி அட்டை கொண்ட இதழ் அது. மின்சாரம் நின்றால் மாணவர்கள் அதைக் கொண்டே விசிறிக்கொள்வர். மின்சாரம் வந்தால் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள நாற்காலியில் அதைப் போட்டு இடம் பிடிப்பர்.

இதை வணிகவியல் பேராசிரியரிடம் பணிவுடன் எடுத்துரைத்தேன்.

"உபயோகம் உபயோகம்தான சார்? எதுக்குன்னா கமிட்டி கேட்டுச்சு?" என்றார்.

தாவர நோய்கள் பற்றிய மெலிந்த ஜர்னலுக்கு ஒரு கோடும் விழவில்லை. நிறுத்தப்படவுள்ளவற்றின் பெயர்களை வாசலில் ஒட்டினோம். அதன் பெயரே முதலில் இருந்தது.

3. மாரீஸ்வரி

மறுநாள் திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு தாவரவியல் ஆய்வு மாணவி மாரீஸ்வரி என் முன் வந்து நின்றாள். மல்லிச் செடியில் வரும் சாம்பல் நோயே அவளது ஆய்வு. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய ஆண்டு அது.

"சார், அந்த ஜர்னலு ஆன்லைன்லயும் நமக்குக் கெடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மதுரைக்குப் போயிட்டு வாரதுன்னா நான் எப்பத் தீசிஸ் முடிக்க?"

"கோடே விழவில்லையே அம்மா."

"நான் வாரத்துக்கு வாரம் படிக்கேன் சார்."

"படித்துவிட்டு என்ன செய்வாய்?"

அவள் சுவரைக் காட்டினாள். 'எடுத்த இடத்தில் வைக்கவும்' என்ற பலகை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அந்நூலகத்தில் அதற்குக் கீழ்ப்படிந்தவள் அவள் ஒருத்தியே என்பது அன்று தெரியவந்தது.

4. பந்தல்குடி அத்தை

மீண்டும் கமிட்டி கூடியபோது அவளையும் அழைத்திருந்தோம். செகரட்டரி கோட்டுத்தாளைக் காட்டினார்.

"நீ படிச்சேங்கிற, தாளு இல்லேங்குது. நான் எதை நம்ப?"

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. போன பொங்கலுக்கு உங்க கடைக்குத்தான் சேலை எடுக்க வந்தோம். எங்க அத்தை ஒரு ரேக்குச் சேலையையும் எறக்க வச்சிட்டாக. கடைசியில எடுத்தது ஒண்ணுதான். அதை உங்க ஆளு மடிச்சுப் பையில போட்டுட்டாரு. கலைஞ்சு கெடந்ததுக்குக் கோடு போட்டா, எடுத்த சேலைக்குச் சைபர்தான வரும்?"

செகரட்டரி கோட்டுத்தாளை மேசையில் வைத்தார்.

"அத்தை எந்தூரு?"

"பந்தல்குடி ஐயா."

"அதான பாத்தேன். அவுக ஒரு தடவை வந்துட்டுப் போனா சேலை மடிக்க நாங்க ரெண்டு நாளு உக்காரணும்." சிரித்துவிட்டு, "கடையில பில்லு இருக்கு தாயி. இங்க என்ன இருக்கு?" என்றார்.

"நிறுத்தப் போறோம்னு ஒட்டுனதும் நான் வந்துட்டேன்ல ஐயா."

செகரட்டரி வணிகவியல் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"உங்க ஜர்னல்ல கடைசியா என்ன படிச்சீக?"

"குறிப்பா ஒண்ணுன்னு இல்லய்யா. பொதுவாப் புரட்டிப் பாக்க நல்லாருக்கும்."

"சேலையவும் அப்படித்தான் புரட்டுறாக. அந்தப் பேரையும் வாசல்ல ஒட்டுங்க. யாரு வாராகன்னு பாப்போம்."

ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. தாவர நோய் ஜர்னலின் சந்தா புதுப்பிக்கப்பட்டது. மாரீஸ்வரியும் உரிய காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்தாள்.

5. இளம் நூலகர்களுக்கு

மேசையில் கிடப்பதை எண்ணுங்கள். டவுன்லோடு கணக்கையும் பாருங்கள். அதன்பின், நிறுத்தப் போகும் பெயர்களைக் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டுச் சிறிது காலம் பொறுத்திருங்கள். எவரேனும் சண்டைக்கு வந்தால் முகம் சுளிக்காமல் நாற்காலி எடுத்துப் போடுங்கள். அவர்தாம் வாசகர்.