தூதரகத்தின் மேல்மாடிகள்

நியூயார்க் மாநகராட்சியில் என்னோடு வேலை பார்த்த வழக்கறிஞர் லொரேன், ஐ.நா.வுக்கான ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் மீது வரி வழக்கு நடத்தினாள். கீழ்த்தளத்து அலுவலகத்துக்கு வரி கிடையாது. மேல்மாடிகளில் ஊழியர்கள் குடும்பத்தோடு வசித்தார்கள். அந்த வீடுகளுக்கு வரி உண்டு என்று வாதாடினாள். பல வருடம் இழுத்துத் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது.

"ஜெயிச்சு என்ன பண்ணப் போற? அந்தக் கட்டடத்தை ஜப்தி பண்ண சட்டத்துல இடமில்லையே," என்றேன்.

"நேர்ல போய்க் கேட்டுப் பாக்கலாம், வா."

தூதரக வாசலில் போய் மணியை அழுத்தினாள். துணைத் தூதர் ஓமிரி வாசலுக்கே வந்தார்.

"தீர்ப்பைக் காட்டி மிரட்ட வந்தீங்களா, மேடம்?"

"மிரட்டினா நீங்க கதவைச் சாத்திடுவீங்க. பழைய வட்டியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி எங்க ஆளுங்ககிட்ட நான் பேசறேன். இனிமே வர்ற வரியை நீங்க கட்டுங்க. மாடியில இருக்கிற பிள்ளைங்க அந்த வரியில நடக்கிற எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலதானே படிக்குது, சார்?"

அவர் கதவை அகலத் திறந்தார்.

"இத்தனை வருஷமா நோட்டீஸ்தான் வந்துச்சு. ஆள் வந்தது இப்பதான். உள்ள வாங்க, காபி குடிச்சிட்டே பேசலாம்."

அவர்கள் அழைக்காமல் நகர அதிகாரி எவரும் தாண்ட முடியாத வாசல் அது. லொரேன் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். அடுத்த தவணையிலிருந்து மேல்மாடிகளின் வரி ஒழுங்காக வந்தது.